கேம் பெட்டி வாங்கிய மருத்துவமாது

புதுக்குடியிருப்பில் நான் வேலை செய்யும் கடைக்கு, பழைய டிவி கேம்கள் நிறைந்த குட்டிப் பெட்டி ஒன்று வாங்க ஊரில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

“மகனுக்கோ அக்கா?” என்றேன்.

“இல்லைத் தம்பி, எனக்குத்தான். சின்னனில அண்ணாமார் விளையாட, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான்.”

கடை டிவியில் இணைத்துக் கொடுத்தேன். திரையில் ஓடிய மனிதன் முதல் பள்ளத்திலேயே விழுந்தான். விழும்போதெல்லாம் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கைலேஞ்சியால் துடைத்துவிட்டுத் திரும்பவும் தொடங்கினார். மூன்றாம் முறை, தாண்டிக் காட்டலாமென்று நான் கையை நீட்டினேன். அவர் கேம் ரிமோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“தொடாதேங்கோ. விழுந்தாலும் நானே விழுறன்.”

நாலாம் முறையும் விழுந்தார். அந்தத் திரையில் எத்தனையோ பேர் தோற்றதைப் பார்த்திருக்கிறேன். தோற்றுவிட்டு அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்த முகத்தை அதன்பிறகு நான் காணவில்லை.