கீழே இறங்கிப் போன பூசணி

என் வீட்டுக்காரருக்குப் புல்லைக் கண்டாலே ஆகாது. இலங்கையில் ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் புல் சுரண்டுவதுதான் அவர் வேலை. வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் சரிவாகக் கிடந்த எங்கள் காய்கறித் துண்டு நிலத்தையும் சுரண்டியால் வழித்து மொட்டையடித்து வைத்திருப்பார்.

எங்களுக்கு நேர் கீழே அவர் தங்கையின் துண்டு. அவள் தன் துண்டின் மேல் ஓரம் நெடுக, வேரால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் மானாப்புல் நட்டு, மழைத்தண்ணீர் நின்று இறங்கக் குறுக்கே கான் வாய்க்காலும் வெட்டியிருந்தாள்.

“புல்ல ஒழிக்கத்தான் தோட்டத்துத் தொர சம்பளம் குடுக்குறாரு. இவ மெனக்கெட்டு நடுறா,” என்று இவர் சிரிப்பார்.

“நீங்க வழிச்சு விடுற மண்ண யாராச்சும் புடிக்கணும்ல, அண்ணே,” என்பாள் அவள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம் இவர், கோயில் திருவிழாச் சாம்பாருக்குப் பூசணிக்காய் தன் பொறுப்பு என்று கோயில் தலைவரிடம் சொல்லிவிட்டார். காய் கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்வார்கள். அந்த ஆசையில்தான் விதை போட்டார். அதே ஆசையில் துண்டை இன்னும் பளிச்சென்று சுரண்டினார்.

ஒரு சாயங்காலம் மழை பிடித்தது. விடிந்து பார்த்தால் விதையும் இல்லை, மண்ணும் இல்லை. கல்தான் பல்லிளித்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. மறுபடி போட்டார். அதுவும் போனது.

கீழே நாத்தனாரின் மானாப்புல் ஓரத்தில், அவள் போடாத பூசணி கொழுகொழுவென்று முளைத்துக் காய்த்தது. இவர் அந்தப் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார்.

திருவிழா அன்று காய்களை அவள்தான் கொண்டுபோனாள். தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்ல வாயெடுத்தார்.

“என் பேரு வேணாங்க. வெதையும் மண்ணும் எங்க அண்ணனோடது. எடம் மட்டுந்தான் நான் குடுத்தேன்.”

அது மைக்கிலேயே கேட்டுவிட்டது. கோயிலே சிரித்தது. இவர் ஆசைப்பட்டபடி இவர் பெயரையும் சொன்னார்கள். சாப்பாட்டுப் பந்தியில் மனுஷன் இலையை விட்டுத் தலை நிமிரவில்லை.

மறுநாள் காலையில் தங்கை வாசலில் போய் நின்றார்.

“ஏம்மா, அந்தப் புல்லுல நாலு தூரு குடேன்.”

அன்றைக்கே எங்கள் துண்டில் குறுக்கே நட்டு முடித்தார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அவர் கைப்பழக்கம் எனக்குத் தெரியாதா? வீட்டுச் சுரண்டியை எடுத்து அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். புல் வேர் பிடிக்கும்வரை அவர் தேடிக்கொண்டே இருந்தார், நான் வாயே திறக்கவில்லை.