பில் போட்டால் தறிக்குப் போய்விடும்

பட்டுப் புடவை வியாபாரத்தில் விற்கிறவருக்கு ஒரு தலைவலி என்றால், விற்றதை நெய்ய வைத்து அனுப்புகிறவருக்கு ஒன்பது தலைவலி. நான் இரண்டாவது ரகம். ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் ஆர்டர் பார்க்கிறேன். நீங்கள் எந்த ஊரில் எந்தக் கடையில் இருந்தாலும் சரி, "வித்தாச்சு, இனி உன் பாடு" என்று கை கழுவுகிறவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் என் சொந்தக்காரர்தான். கொஞ்சம் கேளுங்கள்.

கத்துகிற காலம்

எங்கள் கடையில் விற்பது செல்வி. வந்தவர்கள் தலையாட்டியதும், "அக்கா, மாம்பழக் கலர், அரக்கு பார்டர்!" என்று மாடிப்படியில் நின்று கத்துவாள். நான் கேட்டுக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருப்பேன். சோம்பேறித்தனம் இல்லைங்க. புடவை முடிவான பிறகுதான் வீட்டில் பஞ்சாயத்தே ஆரம்பிக்கும். அத்தைக்குக் கலர் பிடிக்காது, சித்திக்கு பார்டர் பிடிக்காது. எல்லாம் அடங்கட்டும் என்றுதான் தறிக்காரருக்குச் சொல்லாமல் வைத்திருப்பேன்.

போன வருஷம் முதலாளி ஒரு சாஃப்ட்வேர் வாங்கிவந்தார். செல்வி பில் போட்டால் போதும், ஆர்டர் தானாகத் தறிக்காரர் போனுக்குப் போகும். வாங்கினவருக்கும் அவ்வப்போது மெசேஜ் போகும். நடுவில் ஆளே வேண்டாம். "அப்போ எனக்கு என்னங்க வேலை?" என்றேன். முதலாளி சிரித்தார்: "ஏதாவது தப்பாச்சுன்னா திட்டு வாங்க ஒரு ஆள் வேணாமாம்மா?"

சாயத்தில் விழுந்தது

முதல் வாரமே ஒரு அம்மா சாயங்காலம் போன் பண்ணி, மாம்பழக் கலர் வேண்டாம், பச்சை வேண்டும் என்றார். காலையில்தான் பில் போட்டிருந்தது. பழைய நாளாக இருந்தால் சரி என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். இப்போது பதறிக்கொண்டு சேவூர் ஏகாம்பரம் அண்ணனுக்குப் போன் போட்டேன். எங்கள் தறிக்காரர்களில் மூத்தவர், கோபம் வந்தாலும் மரியாதை விடாதவர். அன்றைக்குக் கொஞ்சம் விட்டுவிட்டார்: "உங்க மெசினு ஜல்தி ஜல்தின்னுது, நான் சாயத்துல போட்டுகினு இருக்கேன், நீ வேணாங்கிற. என்னாம்மா பேஜாரு இது?"

வாழ்த்துகள்

ரேவதி வெம்பாக்கம் பக்கத்துப் பெண். நர்ஸ். தன் கல்யாணப் புடவையைத் தன் சம்பளத்திலேயே வாங்க அப்பாவோடு வந்தாள். முந்தியில் மேலே பொண்ணு பேர், கீழே மாப்பிள்ளை பேர் நெய்து தருவது இப்போது எங்கள் ஊரில் நன்றாக ஓடுகிறது. அதைத்தான் கேட்டாள். செல்வி பில் போட்டாள், தறிக்குப் போய்விட்டது.

ஒருநாள் அவள் அப்பா பேசினார். மாப்பிள்ளை வீட்டில் வேறு இடம் முடித்துவிட்டார்களாம். உடனே ஆர்டரை நிறுத்தலாம் என்று பார்த்தால், சாஃப்ட்வேரில் முன்னால் தள்ளத்தான் வழி இருக்கிறது, நிறுத்த வழியே இல்லை. கல்யாணம் நின்றுபோகும் என்று அதைச் செய்தவனுக்கு யார் சொல்வது? நான் தட்டுத் தடுமாறுவது கேட்டிருக்க வேண்டும். அவர் மெதுவாகச் சொன்னார்: "புடவை கெடக்குதும்மா. முந்தியில பேரு ஏறுது, வாழ்த்துகள்னு இப்பகூட பொண்ணு போனுக்கு வந்துச்சு. அதையாவது நிறுத்துங்கம்மா."

பாதி முந்தி

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன். முதலாளியிடம்கூடச் சொல்லாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சேவூருக்குப் போனேன். வாசலிலிருந்தே கத்தினேன், "அண்ணே, நிறுத்துங்க!" தறி நின்றது. விஷயத்தைக் கேட்டதும் ஏகாம்பரம் அண்ணன் முகம் வாடிப்போனது. "பொண்ணு பேரு ஏறிடுச்சேம்மா. மாப்பிள்ளை பேருக்கு இப்பத்தான் வரேன்" என்றார். குனிந்து பார்த்தேன். ரேவதி என்று ஜரிகையில் அத்தனை அழகாக இருந்தது. அறுத்துப் போடச் சொல்ல வாய் வரவில்லை.

அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன். ரேவதியே வாங்கிப் பேசினாள். முந்தியை மாற்றித் தருகிறோம், இல்லாவிட்டால் ஆர்டரையே ரத்து பண்ணிவிடலாம், உன் இஷ்டம் என்று ஏதேதோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "என் பேரு வந்துடுச்சாக்கா?" என்றாள். வந்துவிட்டது என்றேன். "நல்லா இருக்கா?" தங்கமாக இருக்கிறது என்றேன். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு ரொம்பத் தெளிவாகச் சொன்னாள்: "அப்போ அதோட முடிச்சிடச் சொல்லுங்கக்கா, அது போதும்."

புடவை போய்ச் சேர்ந்து மாசக்கணக்காகியும் எங்கள் சாஃப்ட்வேர் மட்டும் 'ஒரு பெயர் விடுபட்டுள்ளது' என்று அந்த ஆர்டரை முடிக்க மறுக்கிறது, ஆள் வேண்டாம் என்று வாங்கிய அதற்கு விஷயத்தை எடுத்துச் சொல்ல ஒரு ஆளைப் போடலாமா என்று முதலாளி யோசித்துக்கொண்டிருக்கிறார்.