நனைந்த பஸ் சொல்லும் வானிலை

விருத்தாசலத்தில், மணிமுத்தாற்றங்கரை டீக்கடையில் மலைக்குப் போகும் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்கிறேன். எதிரே பீங்கான் பொம்மைப் பட்டறை. வாசலில் நீளப் பலகைகள் மீது இன்னும் சுடாத யானைகள் வெயிலில் காய்கின்றன. மழையில் நனைந்தால் அவை மறுபடி களிமண்தான். ஆற்றில் வெள்ளம் வந்தால் அதுவும் மிஞ்சாது.

கல்வராயன் மலையில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும் என்கிறது கடை ரேடியோ.

"அந்த ஓரிரு எடம் எதுன்னு கேட்டுச் சொல்லுங்க சார்," என்கிறார் பட்டறை நடத்தும் செல்வி. அவர் நம்புவது மலையிலிருந்து வரும் பஸ்ஸை மட்டும்தான். பஸ் நனைந்து வந்தால் யானைகள் உள்ளே போய்விடும்.

பத்து மணி பஸ் சொட்டச் சொட்ட வருகிறது. செல்வியும் வேலையாட்களும் அத்தனை யானைகளையும் உள்ளே அடுக்கி முடித்த பிறகு, கண்டக்டர் சாவகாசமாகச் சொல்கிறார்: "மழையா? இப்பதாங்க வண்டியக் கழுவிட்டு வரோம்."

"கழுவறதா இருந்தா சொல்லிட்டுக் கழுவுங்க!"

யானைகள் மறுபடி வெயிலுக்கு வருகின்றன.

அடுத்த பஸ்ஸும் நனைந்தே வருகிறது. செல்வி அசையவில்லை. "இதுவும் கழுவுனதுதான்."

டிரைவர் இறங்கிச் சட்டையைக் கழற்றிப் பிழிகிறார்.

"சட்டையுமா கழுவுனீங்க?" என்று கேட்கிறேன்.

"மலையில கொட்டுதுங்க. வண்டிக்குள்ளயே ஒழுவுது. பின்னாலயே மழை வருது, ஆத்துல வெள்ளமும் கெளம்பிடுச்சு."

பலகையின் ஒரு முனையில் செல்வி, மறுமுனையில் நான். மலையைப் பார்க்க வந்தவன் ஏழு யானைகளோடு ஓடிக்கொண்டிருக்கிறேன்.