புளி போட்டு மினுக்கிய லென்ஸ்

இருபத்தாறு வருடமாக என் கணவரிடம் ஒரே வரம்தான் கேட்டுவருகிறேன்: கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.

அந்தச் சனிக்கிழமை, இங்கே கனடாவில், ஸ்காபரோ நூலகத்தில் பழைய கமரா லென்ஸ்கள் பற்றி நான் பேச இருந்தேன். என்னிடமிருந்த பித்தளை லென்ஸால் சபையிலேயே ஒருவரைப் படம் பிடித்துக் காட்டுவதாகவும் சொல்லிவிட்டேன். வெள்ளி மாலை வேலை முடிந்து வந்தால், லென்ஸ் குத்துவிளக்குப் போல மின்னிக்கொண்டு சமையலறை மேசையில் இருக்கிறது.

"கறுத்துப் போய்க் கிடந்தது. புளி போட்டு மினுக்கினனான். கண்ணாடியளையும் கொதிதண்ணியில கழுவினனான்," என்றார்.

அழுகைதான் வந்தது. முதற் கமராக்களின் காலத்தில் ஒரு முகத்தைப் பிடிக்க நிமிடக் கணக்கில் வெயிலில் அசையாமல் இருக்கவேண்டும். கழுத்தைப் பிடித்துவைக்கப் பின்னால் ஓர் இரும்புக் கவை வேறு. பிறகு ஒரு கணித வாத்தியார், பீரங்கிப் படைக்காரரைக் கணக்குப் போட வைத்து, நான்கு கண்ணாடிகளில் ஒரு லென்ஸைக் கண்டுபிடித்தார். முகம் விநாடிகளில் படத்தில் விழுந்தது. என்னுடையது அந்த வகை. முன்னால் இருக்கும் இரண்டு கண்ணாடிகளையும் ஒட்டியிருந்தது, இங்கே நத்தார் பண்டிகைக்கு வெட்டி வீட்டுக்குள் சோடிக்கிறார்களே, அந்த மரத்தின் பிசின். அந்தக் காலத்தில் கனடாவிலிருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போன பிசின், எங்கள் வீட்டுக் கேத்திலில் கொதித்த தண்ணீரில் கரைந்துபோனது.

"என்னப்பா, அது கனடாப் பிசின், மரப்பிசின். இனி எங்க போறது?"

"கனடாப் பிசின் எண்டா கனடாவில இருக்கும்தானே," என்று காரை எடுத்துக்கொண்டு போனவர், பலகை ஒட்டுகிற பசையோடு திரும்பினார்.

"மரப்பிசின் எண்டுதானே சொன்னனீர்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கடைசியில் குளியலறை அலமாரியிலிருந்த ஆமணக்கெண்ணெயில் ஒரு சொட்டை இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் விட்டு, அமர்த்தி, வளையத்தைப் பூட்டினேன். ஒரு நாளைக்குத் தாங்கினால் போதும்.

சனிக்கிழமை கமராவின் முன் இருக்க ஒருவரும் முன்வரவில்லை. வேறு வழியில்லாமல் அவரையே கூப்பிட்டேன்.

"எட்டு விநாடி. ஒண்டையும் தொடாதேங்கோ. அசையாதேங்கோ."

"ஓம்."

லென்ஸ் மூடியை எடுத்து எண்ணினேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தார். கண் கூட இமைக்கவில்லை.

படத்தில் காதுகள் இரண்டும் கலங்கிப்போய்த்தான் இருக்கின்றன. கண்கள் மட்டும் அவ்வளவு தெளிவு. மறுபடி எதையாவது கெடுத்துவிடுவேனோ என்று இந்த மனிதர் இவ்வளவு பயந்துபோய் இருந்தார் என்று எனக்கு அதுவரை தெரியாது.