ஆறாவது சாக்குக்கட்டு

அன்றைக்கு என் கடை மாடியில் இருந்தவர்கள் இவர்கள்தான்: பின்தெருக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், எதிர்வரிசையில் வெங்காய மொத்தக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, கார்ப்பரேஷன் ஓவர்சியர், ஓடையின் மேல் தேநீர்க்கடை போட்டிருக்கும் அக்கா, நான். ஐந்து பேர். வேறு யாரும் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். உட்காருவதற்குச் சாக்குக்கட்டுகளை அடுக்கியவன் நான்தான். ஒருவர் உயரத்திலும் ஒருவர் தாழ்வாகவும் உட்கார்ந்தால் அதிலேயே சண்டை தொடங்கிவிடுமோ என்று பயந்து, முழக்கயிற்றால் அளந்து ஒரே உயரத்தில் ஐந்து இருக்கைகள் செய்து வைத்திருந்தேன்.

எனக்கு ஆரியசாலையில் பழைய சாக்கு வியாபாரம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. பயம் மட்டும் நிற்காமல் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருக்கிறது. கடையைப் பூட்டிவிட்டுக் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தம் வரை நடந்து, பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருகிற ஆள் நான். இப்படிப்பட்டவனை ஏன் மத்தியஸ்தனாக நடுவில் உட்காரச் சொன்னார்கள் என்றால், தெருவில் எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறையாவது சண்டை போட்டிருந்தார்கள். சண்டை போட தைரியம் இல்லாமல் மிச்சம் இருந்தவன் நான் ஒருவன்தான்.

விஷயம் ஓடை. எங்கள் தெருவின் ஓரமாக ஸ்லாப் போட்டு மூடிய ஓடை ஒன்று போகிறது. மழை பெய்தால் அது நிரம்பி, பின்தெரு வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும். வெங்காயத்தோல் அடைக்கிறது என்று வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். வீட்டுக்காரர்கள் போடும் பிளாஸ்டிக் பைதான் அடைக்கிறது என்று வியாபாரிகள் சொன்னார்கள். எது அடைத்தாலும் தோண்டி எடுக்க வேண்டும். தோண்டுவதற்குத் திறக்கக்கூடிய ஸ்லாப் ஒன்றே ஒன்று, அதன் மேல்தான் அக்காவின் தேநீர்க்கடை. கடையை அகற்ற வேண்டும் என்று சங்கம் மனுக் கொடுத்தது. ஓவர்சியர் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். பாறசாலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து அடுப்புப் பற்றவைக்கிற அக்காவுக்கு அந்தப் பலகைக்கடையை விட்டால் வேறு வருமானம் கிடையாது. தெருவில் மாற்றி வைக்க ஒரு முழ இடமும் இல்லை.

அக்கா பேச்சுவார்த்தைக்கு வந்தபோது கையில் தேநீர்த் தூக்கும், நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரித் தட்டும் இருந்தன.

"நான் போணுமா வேண்டாமான்னு பேசப் போறீங்க. பேசுறதுக்குத் தொண்டை நனையண்டாமா அண்ணா? குடிங்க" என்றார்.

செயலாளர் முதலில் ஆரம்பித்தார். கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத்திலிருந்து பின்தெருவுக்குக் குடிவந்தவர், ஓய்வுபெற்ற அலுவலர். "இங்க பாரும் ஓய், மழை பெய்ஞ்சா எங்காத்துல பூஜை ரூம் வரைக்கும் தண்ணி வந்துடறது. அதுல வெங்காயத்தோல் மிதக்கறது. எங்காத்துக்குள்ள வெங்காயமே நுழைஞ்சதில்லை. இப்ப நீச்சலடிச்சுண்டு வர்றது."

"வெங்காயம் மட்டுந்தானா சாமி வருது? உம்ம வீட்டுப் பால்கவரும் கூடத்தான் நீந்துது, அதைச் சொல்ல மாட்டீரு" என்றார் அண்ணாச்சி. திருநெல்வேலியிலிருந்து வந்து பல வருஷமாகியும் குரலை இறக்கத் தெரியாதவர்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்கோ" என்றார் மலையாளியான ஓவர்சியர். "திங்களாழ்ச்ச ஞான் ரிப்போர்ட் கொடுக்கணும், கேட்டோ. ஓடை தெளியணும். இல்லைன்னா சேச்சியோட கடை போகும். எனக்கு வேற வழியில்லை."

யார் சொன்னதையாவது நான் தப்பாக விளங்கிக்கொண்டு, அதனால் அக்காவின் பிழைப்புப் போய்விட்டால் என்ன செய்வது? ஆகவே ஒவ்வொருவர் பேசி முடித்ததும், "சாமி, நீங்க சொன்னது இதுதானே? உங்களுக்குக் கடை போகணும்னு இல்லை, தண்ணி வரக்கூடாது, அவ்வளவுதானே?" என்று திருப்பிச் சொல்லிக் கேட்டேன். செயலாளர் கொஞ்சம் யோசித்தார். "ஆமாம். கடை மேல எனக்கென்ன விரோதம்? தினம் நான் இங்கதானே காபி குடிக்கறேன்" என்றார். அண்ணாச்சியிடமும் கேட்டேன். பழியைத் தன் தலையில் மட்டும் கட்டக்கூடாது, அதுதான் அவருக்கு வேண்டும். ஓவர்சியருக்கு வேண்டியது ஸ்லாப் திறக்க வேண்டும் என்பது. திரும்பத் திரும்பச் சொன்னதில் எல்லோருக்கும் சலிப்புத் தட்டி, கோபம் தானாகக் குறைந்துவிட்டது.

"அப்போ கடை போகண்டாமே, கொஞ்சம் நகர்ந்தாப் போதுமே" என்று அக்காவே சொன்னார். "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. அன்னைக்குக் கடையைத் தூக்கி நடுரோட்டுல வச்சா ஆரு கேக்கப் போறா? ஓடையத் தோண்டிட்டுத் திருப்பி வச்சிருங்க."

ஓவர்சியர் அண்ணாச்சியைப் பார்த்தார், அண்ணாச்சி செயலாளரைப் பார்த்தார். எவருக்கும் எதிர்ப்பில்லை. ஒவ்வொரு ஞாயிறும் தோண்டுவது என்று முடிவாயிற்று. எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. இதில் ஏதோ தப்பு இருக்குமே என்ற யோசனையும் கூடவே வந்தது.

இருந்தது. ஒத்திகை பார்த்துவிடலாம் என்று எல்லோரும் படியிறங்கினோம். அண்ணாச்சி கடையின் ஒரு காலைப் பிடித்தார், செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னொரு காலைப் பிடித்தார். அதுவரை எதிரே லாரி நிழலில் உட்கார்ந்திருந்த, மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளர்களின் தலைவர் எழுந்து வந்து பலகை மேல் கையை வைத்தார். நீலச் சட்டை, தோளில் சிவப்புத் துண்டு.

"எந்தா இது?"

"கடையை நகர்த்துறோம்" என்றேன்.

"இந்தத் தெருவுல தூக்குறது ஆரோட வேலை?"

எங்கள் ஊரில் மூட்டையோ பீரோவோ, தெருவில் எது இறங்கினாலும் ஏறினாலும் அது அவர்களுடைய வேலை. பிறந்த குழந்தைக்கும் தெரியும். காலையிலிருந்து ஒரு கனமான பொருளைத் தூக்குவதைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறோம். தூக்குகிறவர்களைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. இருக்கையின் உயரத்தை அளந்த எனக்கும் தோன்றவில்லை.

"கூலி வேணும்னா நான் தாறேன்வே, எடும்" என்றார் அண்ணாச்சி.

"கூலி பிறகு" என்றார் தலைவர். "மேலே பேச்சு நடக்குது, கீழே ஞங்கள் இருக்கோம். அஞ்சு பேருக்கு டீ போச்சு. நானும் பார்த்தேன். ஓடையைப் பற்றி ஞங்களுக்கு ஒண்ணும் அறியாதுன்னு நெனச்சோ?"

"பழம்பொரியும் போச்சே, அதைப் பாக்கலையா?" என்றார் அக்கா. தலைவரைச் சேர்த்துச் சிலர் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மாடிக்கு ஓடி ஆறாவது சாக்குக்கட்டை இழுத்துப் போட்டேன். அவசரத்தில் அளக்கவில்லை. அது மற்றவற்றைவிட ஒரு சாண் உயரமாகிவிட்டது. அதில்தான் தலைவர் உட்கார்ந்தார். ஒருவரும் கவனிக்கவே இல்லை.

அக்கா புதிதாகத் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். நான் மறுபடியும் எல்லோரையும் அவரவர் சொன்னதைச் சொல்லவைத்தேன். தலைவரின் முறை வந்தபோது அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "தோலை ஓடையில தள்ளுறது ஞங்கள் தன்னே."

செயலாளர் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்.

"லோடு இறக்கினா தரையைக் கூட்டணும். கூட்டினதை எங்கே போடணும்னு அண்ணாச்சி சொன்னது உண்டோ? ஸ்லாப் ஓட்டை பக்கத்துல இருந்தது, தள்ளினோம். வேற இடம் காட்டினா அங்கே போடலாம்."

அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். "அது... நானும் கேக்கலை, அவனுவளும் சொல்லலை."

கிழிந்த சாக்கு என்னிடம் எவ்வளவோ உண்டு, கூட்டுகிற தோலை அதில் கட்டிக்கொள்ளட்டும் என்றேன். கட்டியதை எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி அடுத்து வந்தது. ஓவர்சியர் நெற்றியைத் தேய்த்தார். செயலாளர் மெதுவாக வாயைத் திறந்தார்.

"எங்க தெருவுல எல்லாராத்து மாடியிலும் செடி இருக்கு. வெங்காயத்தோல் நல்ல உரம்னு சொல்றா."

"சாமி வீட்டுக்குள்ள வெங்காயம் நுழையாதே" என்றார் அண்ணாச்சி.

"ஆத்துக்குள்ளதான் வராது ஓய். வெளிப்படி வழியா மாடிக்கு வரலாம்."

அப்போது எழுந்த சிரிப்பில் ஓவர்சியரும் சேர்ந்துகொண்டார். பால்கவர்களைத் தனியாகக் கட்டித் தருவது சங்கத்தின் பொறுப்பு என்றும் செயலாளர் ஒப்புக்கொண்டார். ஞாயிறுதோறும் கடையைத் தூக்கி வைப்பது தொழிலாளர்கள். அதற்கான கூலி சங்கமும் அண்ணாச்சியும் பாதிப் பாதி. அக்காவிடம் ஒரு பைசா வாங்குவதில்லை என்று தலைவரே சொன்னார். திங்கட்கிழமை ஓவர்சியர் வந்து நோட்டீஸைக் கிழித்தபோது பசை காய்ந்து பாதிதான் வந்தது. மீதிப் பாதி இப்போதும் பலகையில் இருக்கிறது. அதன் மேல் அக்கா விலைப்பட்டியலை ஒட்டிவிட்டார்.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை ஒரு மத்தியானம் கொட்டித் தீர்த்தது. நான் கடை வாசலில் நின்று ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று முறை செயலாளருக்குப் போன் செய்தேன். "தண்ணி வரலை ஓய், நீர் போன் பண்றதுதான் விடாம வந்துண்டிருக்கு" என்று வைத்துவிட்டார். எதிரே அக்கா குடைக்கடியில் நின்று தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

மழை விட்டதும் என்னிடம் வந்தார். "அண்ணா, அன்னைக்கு மாடிக்கு வந்த டீயும் பழம்பொரியும் ஆரு கணக்குல எழுத?"

நான் கொடுத்துவிடுகிறேன் என்று பர்ஸை எடுத்தேன். எதிரே நின்ற அண்ணாச்சி, தான் இருக்கும்போது நான் கொடுப்பதாவது என்று தடுத்தார். விஷயம் செயலாளர் காதுக்குப் போய், அவர் சங்கம்தான் கொடுக்கும் என்று ஆள் அனுப்பினார். தன்னைக் கேட்காமல் யாரும் கொடுக்கக்கூடாது, தானும் குடித்தவன்தான் என்று தலைவர் சொல்லிவிட்டார். கார்ப்பரேஷன் ஆள் ஓசியில் குடித்ததாக இருக்கக்கூடாது என்று ஓவர்சியரும் போன் செய்தார். யார் கொடுத்தாலும் மற்றவர்கள் வருத்தப்படுவார்கள். இதற்கு மறுபடியும் மாடியில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அக்கா தேநீர் கொண்டுவராமல் இருக்க மாட்டார். அதுவும் கணக்கில் ஏறும். யோசித்தால் எனக்குத் தூக்கம் போகிறது. அக்காவுக்கு அந்தக் கவலை இல்லை. "கடை இங்கதானே நிக்குது அண்ணா, மெதுவாத் தாங்க" என்கிறார்.

பாக்கி முந்நூற்று எண்பத்தைந்து ரூபாய்.