சங்கு ஊதட்டும்

நர்சரி வகுப்புக்கு வந்திறங்கிய புதுத் தலையணைகளின் பஞ்சு வாசம், பள்ளி நிர்வாகியான என்னை, கடைசி வேன் கிளம்பிய பிறகும் உட்கார விடவில்லை. இன்று அடுக்குமாடி நிற்கும் இடத்தில், சிங்காநல்லூர் மில் மதிலை ஒட்டி ஓர் ஓட்டுப் பள்ளி இருந்தது. அம்மா அதன் தலைமையாசிரியை. பாடம் முடிந்தாலும், ஷிஃப்ட் முடிகிற சங்கு ஊதி, தலையெல்லாம் பஞ்சு ஒட்டிய தாய்மார்கள் உள்ளே வந்து கூப்பிடும்வரை, ஒரு பிள்ளையையும் பூட்டிய வீட்டுக்கு அனுப்பமாட்டார். பசியில் நான் முந்தானையை இழுக்க இழுக்க, "சங்கு ஊதட்டும் கண்ணு" என்பார்.

மில்லை மூடிய மறுநாளும், வெயில் சாய்ந்து, வராந்தாவில் பிள்ளைகள் நெளிய நெளிய, அம்மா பழக்கத்தில் காத்திருந்தார். பொறுக்கமாட்டாமல் நான் பள்ளி கேட்டுக்கு ஓடினேன். வெளியே, தலையில் ஓர் இழை பஞ்சும் இல்லாமல், தாய்மார்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள்.

"ஏனுங்க, உள்ள வரலீங்களா?" என்றேன்.

"இன்னும் சங்கு ஊதலையே அம்மணி" என்றாள் ஒருத்தி. சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.