மெதுவாக இறங்கிய சேலைன்

பிள்ளைகளே, நம் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கு என்ன வந்தாலும், "ஒரு சேலைன் ஏத்தினா சரியாயிடும்" என்போம். நானும் அதைத்தான் நம்பியிருந்தேன், நோர்வூட் இறக்கத்தில் ஆட்டோ கவிழ்ந்து உங்கள் அம்மாவின் வயிற்றில் கம்பி இடித்த நாள் வரை.

வெளியே ஒரு சொட்டு இரத்தம் இல்லை. உள்ளே மண்ணீரல் கிழிந்து கசிகிறது, இங்கே அறுவை செய்ய வசதியில்லை என்று முதல் ஆஸ்பத்திரியில் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் ஏற்றினார்கள்.

கூட வந்த நர்ஸ் மிஸ்ஸி சேலைனைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட்டார். பிரஷர் காட்டும் பெட்டியில் எண்பத்தைந்து. நூற்றிருபது இருக்க வேண்டிய இடம்.

"மிஸ்ஸி, முழுசாத் தொறந்து விடுங்க. ஆள் வெளுத்துப் போறா."

"தொறந்தா பிரஷர் ஏறும், அண்ணே. உள்ள உறைஞ்சு அடைச்சிருக்கிற ரத்தம் பிச்சிக்கிட்டு மறுபடியும் ஊத்தும். சேலைன் வெறும் உப்புத்தண்ணி, ரத்தம் ஆகாது. ஆபரேஷன் தியேட்டருக்குப் போற வரைக்கும் இது போதும். நீங்க பேச்சுக் குடுத்துக்கிட்டே வாங்க. பதில் வந்தா மூளைக்கு ரத்தம் போகுது."

எதைப் பேசுவது? "இன்னக்கி என்ன கறி?" என்றேன்.

"நீங்கதான் ஆக்கணும்," என்றாள் அம்மா. "உப்பு எங்க இருக்குன்னாவது தெரியுமா?"

மிஸ்ஸி சிரித்துவிட்டார்.

லிந்துலை தாண்டியதும் பதில் நின்றது. பெட்டியில் எழுபது. "புள்ள, புள்ள" என்று கன்னத்தைத் தட்டினேன். மிஸ்ஸி சேலைன் குழாயைக் கொஞ்சம் திறந்தார். சற்று நேரத்தில் உதடு அசைந்தது. "கத்தாதீங்க."

உடனே மிஸ்ஸி மறுபடி குறைத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னும் கொஞ்சம், மிஸ்ஸி. கால்ல விழறேன்."

"விழாதீங்க. பேசுங்க."

பேசினேன். தேங்காய் துருவுவதிலிருந்து கூரைத் தகரம் வரை கேட்டேன். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

தியேட்டரில் மண்ணீரலை எடுத்துவிட்டு இரத்தம் ஏற்றினார்கள். வெளியே வந்த டாக்டர், "கசிவு நின்னுருச்சு. இனிமே பிரஷரை ஏத்தலாம். பிழைப்பாங்களான்னு நாளைக்குத்தான் சொல்ல முடியும்" என்றார்.

அப்போதுதான் நீங்கள் எனக்குப் போன் போட்டீர்கள். அம்மா எப்படி என்று கேட்டீர்கள்.

"வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தா" என்றேன்.

அவள் கண் திறக்க மறுநாள் மதியம் ஆனது. அதுவரை யார் கேட்டாலும் அதையே சொன்னேன். வேறு சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.